ஏரிக்கு உறை ஊற்றுவது எப்படி?

மார்கழியில் தயிர் தோய்க்கத் தெரிந்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்பூர்ட் ஏரியில் நடப்பதில் பாதி உடனே விளங்கிவிடும். சித்திரையில் அரைக் கரண்டி மோர் போதும், விடிவதற்குள் பால் கெட்டியாகத் தோய்ந்திருக்கும். மார்கழியில் அதே அரைக் கரண்டியை விட்டால் காலையில் பால் பாலாகவே நிற்கும். அதனால் உறையைக் கூட்டி விடுவோம். பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுப்பு மேடையின் ஓரத்தில் வைப்போம். எந்தப் பருவமானாலும் தயிரை முழுக்க வழித்துவிடாமல் அடுத்த நாளுக்கென்று ஒரு கரண்டி எடுத்துவைப்போம். அளவு, சூடு, நேரம், எடுத்துவைத்தல் என்ற நாலும் கூடினால்தான் தயிர். அந்த ஏரியைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் பார்த்துக்கொள்வதும் இந்த நாலைத்தான். அவர்களுடைய உறை மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி. அவர்களுடைய பால், ஏரியை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரை.

ஹார்ட்பீஸ்பூர்ட் இயற்கை ஏரி அல்ல. பிரிட்டோரியாவுக்கு மேற்கே, மகாலீஸ்பர்க் மலைத்தொடரின் இடுக்கில், குரோக்கடைல் ஆற்றை மறித்து 1923இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம். பரப்பு ஏறத்தாழ 2,000 ஹெக்டேர். பாசனத்துக்காகக் கட்டியது. இன்று படகு, தூண்டில், கரையோர வீடுகள், உணவகங்கள் என்று ஓர் ஊரே அதை நம்பிப் பிழைக்கிறது. ஆற்றின் மேற்பக்கத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் வடபகுதியும் அதையொட்டிய நகரங்களும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் கழிவுநீர், சுத்திகரித்ததும் சரியாகச் சுத்திகரிக்காததுமாக, இந்த ஏரியில் வந்துதான் தேங்குகிறது. அதிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் வயலில் கொட்டினால் விவசாயி மகிழ்வார். ஏரியில் கொட்டியதால் மிதக்கும் செடிகளுக்குக் கொண்டாட்டம்.

வெங்காயத்தாமரையை நம் ஊரில் பலரும் ஆகாயத்தாமரை என்பார்கள். ஊதாப் பூவும், காற்றடைத்து உப்பிய காம்புமாக ஊருக்கு ஊர் குளத்தில் கிடக்கும் அதே செடிதான். பிறந்த இடம் தென்னமெரிக்காவின் அமேசான் படுகை. பூவின் அழகுக்காக மனிதர்கள் நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு அதன்பின் சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தது. வங்காளத்தில் அது ஆறுகளையும் வயல்களையும் அடைத்து மக்களை வதைத்ததால், 1936இல் அதை ஒழிக்கவென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். 1937 தேர்தலில் அந்தச் செடியை அகற்றுவது வாக்குறுதியாகவே இருந்தது.

அமேசானில் அது யாருக்கும் தொல்லையாக இல்லை. அங்கே அதைத் தின்னவும் துளைக்கவும் சாறு உறிஞ்சவும் பூச்சிகள் இருக்கின்றன. கப்பலேறியது செடி மட்டும்தான். பூச்சிகள் அங்கேயே தங்கிவிட்டன. உறை சேராத பாலுக்குத் தானாகத் தயிராக வழி கிடையாது. இந்தச் சிகிச்சையின் அடிப்படை அவ்வளவுதான். விட்டுப்போன உறையைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது.

அதற்குமுன் மனிதர்கள் எல்லா வழியையும் பார்த்துவிட்டார்கள். இயந்திரத்தால் அள்ளுவது முதலில் தோன்றும் வழி. ஆனால் இந்தச் செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அடர்ந்து வளர்ந்த ஒரு ஹெக்டேரில் 300 டன்னுக்கு மேல் தேறும். அதை அள்ளி, ஏற்றி, கொட்ட இடம் தேடி முடிப்பதற்குள் அடுத்த ஹெக்டேர் முளைத்துவிடும். தாய்ச்செடியின் அடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி நுனியில் குட்டி விடும். அந்தக் குட்டி பிரிந்துபோய்த் தனக்கொரு குட்டி விடும். சூடும் சத்துமுள்ள தண்ணீரில் ஒரு கூட்டம் இரட்டிப்பாக இரண்டு வாரம்கூட ஆகாது. அது போதாதென்று விதையும் உண்டு. பூ வாடியதும் அதன் தண்டு வளைந்து, விதைகள் தண்ணீரில் உதிர்ந்து அடிச்சேற்றில் போய்ச் சேரும். இருபது ஆண்டுவரை உயிரோடு காத்திருக்கக் கூடிய விதை அது. மேலே இருப்பதை மொத்தமாக அள்ளினாலும், வெளிச்சம் சேற்றைத் தொட்டதும் கீழே இருப்பது எழுந்துகொள்ளும்.

இரண்டாவது வழி களைக்கொல்லி. ஹார்ட்பீஸ்பூர்ட்டில் 1970களின் இறுதியில் மருந்தடித்துச் செடியை அடக்கினார்கள். செத்த செடி மொத்தமும் ஒரே நேரத்தில் மூழ்கி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை அதுவே எடுத்துக்கொள்கிறது. செடிக்குள் இருந்த சத்து திரும்பவும் தண்ணீருக்கே வருகிறது. வெங்காயத்தாமரை போன ஏரியில் 1980களில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சு நீலப்பச்சைப் பாசி கரையோரங்களில் தடித்த ஏடாகப் படிந்து நாற்றமடித்தது. எதிரி மாறினானே தவிர ஏரி ஏரியாக ஆகவில்லை.

பூச்சியை வைத்து அடக்கும் முயற்சி தென்னாப்பிரிக்காவில் 1974இல் தொடங்கியது. முதலில் விட்டது நியோகெட்டினா என்ற கூன்வண்டு. வெப்பமான நீர்நிலைகளில் அது திறமையாக வேலை செய்யும். 1990களின் பிற்பகுதியில் கிழக்காப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் பல்லாயிரம் ஹெக்டேருக்குப் பரவிய வெங்காயத்தாமரை சுருங்கியதில் அந்த வண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கேயும் கரையோர மீனவர்கள் தொட்டிகளில் வண்டு வளர்த்து ஏரியில் விட்டார்கள். ஆனால் ஹார்ட்பீஸ்பூர்ட் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் அங்கே உறைபனி விழும். வண்டு நிதானமாக வளரும் இனம். முட்டையிலிருந்து முழு வண்டாக ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். அந்தக் குளிரில் இன்னும் இழுக்கும்.

2013இல் இன்னொரு பூச்சியை அனுமதித்தார்கள். மெகமீலஸ் ஸ்கூட்டெல்லாரிஸ் என்ற தத்துப்பூச்சி. நம் நெல்வயலைக் கருகவைக்கும் புகையானின் குடும்பம். வேலை செய்யும் விதமும் அதுவேதான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, காம்பின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். புகையானிடம் ஒரு போகத்தைப் பறிகொடுத்த விவசாயிக்கு இதைக் கேட்டதுமே வயிறு கலங்கும்; அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இப்படிப்பட்ட பூச்சியை வெளியே விடுமுன் பூட்டிய தனிமைக் கூடத்தில் வைத்து, மற்ற செடிகளின்மேல் விட்டுப் பார்க்கிறார்கள். இந்தப் பூச்சிக்கு வெங்காயத்தாமரையைத் தவிர வேறு செடியில் நிலைத்துப் பெருகத் தெரியாது. செடி தீர்ந்தால் பூச்சியும் தீரும்.

இனி, உறை தயாராவதைப் பார்க்கலாம்.

தலைமைப் பாத்திரம் ஏரியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மகாண்டா நகரில் இருக்கிறது. அங்குள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டுப்பாட்டு மையம், வைனெக் என்ற இடத்தில் பூச்சிகளைப் பெருமளவில் வளர்க்கிறது. அந்தக் கூடத்தில் வேலை செய்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர். வாரந்தோறும் பூச்சியைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, பெட்டியில் அடைத்து நாடெங்கும் அனுப்புவதை மிகுந்த கவனத்தோடு செய்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு இன்னும் கூடுதலான பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து உறை வாங்கி 2,000 ஹெக்டேருக்குத் தயிர் தோய்க்க முடியாது. வீட்டிலேயே உறை இருக்க வேண்டும். கரைவாசிகள் நுழைவது இங்கேதான். ஏரியோரக் குடியிருப்புகளில் சிறுசிறு வளர்ப்பு நிலையங்கள் அமைந்தன. வலையோ பிளாஸ்டிக் தாளோ போர்த்திய ஒரு கூடாரம். உள்ளே தண்ணீர்த் தொட்டிகள். தொட்டியில் அதே ஏரியிலிருந்து எடுத்த வெங்காயத்தாமரை. தண்ணீரில் கொஞ்சம் உரமும் கலப்பார்கள். ஒழிக்க நினைக்கும் செடிக்கு எதற்கு உரம் என்று புதிதாக வருபவர் கேட்பார். சத்துள்ள செடியில்தான் பூச்சி நிறைய முட்டையிடும். நீர்த்த பாலில் உறையும் தேறாது.

தொட்டியில் பூச்சியை விட்டதும் பெண் பூச்சி காம்பின் திசுவைக் கீறி முட்டையைச் செருகும். வெளிவரும் குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளரும். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு சுற்று முடிய ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதல். தொட்டிச் செடிகள் பழுத்து, காம்படியில் பூச்சி மொய்க்கத் தொடங்கியதும் அந்தச் செடிகளையே பூச்சியோடு தூக்கிப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரியில் மிதக்கும் கூட்டத்துக்கு நடுவே செருகிவிடுவார்கள். பூச்சியைப் பிடித்து உதறத் தேவையில்லை. பழைய செடி வாடும்போது பூச்சி தானே பக்கத்துப் பச்சைக்குத் தாவும். தொட்டியில் காலியான இடத்தில் புதுச் செடி வைப்பார்கள். எல்லாவற்றையும் தூக்கிவிடாமல் ஒரு பங்கு பூச்சிச் செடியைத் தொட்டியிலேயே விட்டுவைப்பார்கள். அதுதான் அந்த ஒரு கரண்டி. ஆசைப்பட்டு அதையும் ஏரியில் கொட்டிவிட்டால் மறுபடி மகாண்டாவைத்தான் கேட்க வேண்டும்.

எங்கே விடுவது என்பதும் முக்கியம். இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை குட்டைச் சிறகோடு வளர்பவை; நெடுந்தொலைவு பறக்கமாட்டா. கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகத் தயிர் தோய்ப்பவர் உறையை ஒரே மூலையில் கொட்டமாட்டார், சுற்றிலும் விட்டுக் கலக்குவார். கரையைச் சுற்றிப் பல இடங்களில் நிலையங்கள் இருப்பதன் பயன் இதுதான். காற்று திசை மாறும்போது மிதக்கும் கூட்டம் மொத்தமும் ஏரியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய் ஒதுங்கும். இன்று எந்த விரிகுடாவில் செடி அண்டியிருக்கிறது, எங்கே பச்சை, எங்கே பழுப்பு என்பதெல்லாம் அங்கேயே குடியிருப்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

இப்போது மார்கழிக் கணக்குக்கு வருவோம். மொத்த முயற்சியின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தெற்கு அரைக்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட்வரை குளிர்காலம். உறைபனி வெங்காயத்தாமரையின் இலைகளைக் கருக்கிவிடும். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் குருத்து பல செடிகளில் பிழைத்துக்கொள்ளும். சேற்றில் விதையும் இருக்கிறது. பூச்சிக்கோ இலையும் போய், காம்பின் சாறும் போய், குளிரும் வாட்டும். மிகச் சிலவே தப்பும். செப்டம்பரில் வெயில் ஏறியதும் செடி முந்திக்கொள்கிறது. குருத்து துளிர்க்கிறது, விதை முளைக்கிறது, இரண்டு வாரத்துக்கொரு முறை கூட்டம் இரட்டிப்பாகிறது. தப்பிய பூச்சிகள் பெருகிச் செடியைத் துரத்திப் பிடிப்பதற்குள் கோடையும் கடந்து மார்ச் வந்துவிடும். கொஞ்சம் வேலை நடப்பதற்குள் அடுத்த உறைபனி. பாத்திரத்தில் பால் நாளுக்கு நாள் கூடுகிறது, உறையோ கரண்டியின் அடியில் ஒட்டிய ஒரு துளி. பூச்சியை ஒருமுறை விட்டுவிட்டு இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் இந்த ஏரியில் இந்தப் பந்தயம் ஒவ்வோர் ஆண்டும் தோற்றுப்போகும்.

கரைவாசிகளின் கூடாரத்துக்குள் அந்தக் குளிர்காலம் நுழைவதில்லை. வெளியே பனி விழும்போது உள்ளே செடியும் பச்சை, பூச்சியும் உயிர். செப்டம்பரில் ஏரியின் செடி இன்னும் குட்டியாகவும் குறைவாகவும் இருக்கும்போதே கூடாரப் பூச்சிகளை ஆயிரக்கணக்கில் இறக்கிவிட முடிகிறது. உறையைக் கூட்டி விடுவது, பாத்திரத்தைத் துணியில் சுற்றுவது என்று நாம் செய்யும் இரண்டையும் இங்கே ஊரார் ஏரிக்குச் செய்கிறார்கள். முன்பு நாட்டில் சில நூறு அல்லது சில ஆயிரம் பூச்சிகளை ஓரிடத்தில் விட்டு, அவை நிலைத்தால் நிலைக்கட்டும் என்று விடுவதே வழக்கமாக இருந்தது. இந்த ஏரியில் 2018 வாக்கில் தொடங்கியது அதற்கு நேரெதிரான முறை. திரும்பத் திரும்ப, திகட்டும் அளவுக்கு விடுவது.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2019–20 கோடையிலும் 2020–21 கோடையிலும், அதாவது அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், ஏரியின் 37 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்த செடி 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. களைக்கொல்லி இல்லாமல், கழிவுநீர் நிரம்பிய ஓர் ஏரியில், உறைபனி விழும் உயரத்தில் இது நடந்தது பலரையும் வியக்கவைத்தது. கெட்ட தண்ணீரும் கடுங்குளிரும் சேர்ந்த இடத்தில் பூச்சியால் பயனில்லை என்பதுதான் அதுவரை பரவலாக இருந்த எண்ணம்.

செடி சாகும் விதத்தையும் சொல்ல வேண்டும். சாறு குறையக் குறைய இலையின் ஓரம் பழுக்கிறது. உறிஞ்சிய காயங்கள் வழியே பூஞ்சை புகுகிறது. காம்பிலுள்ள காற்றறைகளில் தண்ணீர் ஏறுகிறது, செடி கனத்து மெல்ல அமிழ்கிறது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்குவதால், மருந்தடித்தபோது நடப்பதுபோல் ஒரே நாளில் தண்ணீரின் ஆக்சிஜன் பறிபோவதில்லை. ஆனால் அந்த வாரங்களில் ஏரி பார்க்கச் சகிக்காது. பச்சையாக இருந்த இடம் பழுப்பாகி, அழுகல் வாடையும் வரும். படகுத்துறை வைத்திருப்பவருக்கு அப்போதும் படகு நகராது. உணவகத்துக்கு ஆள் வரமாட்டார்கள். உடனே மருந்தடியுங்கள், இயந்திரத்தை இறக்குங்கள் என்ற குரல் எழுவது இயல்பு, அதில் தப்புமில்லை. பிழைப்பு அவர்களுடையது. ஆனால் அந்த நேரத்தில் ஏரி முழுக்க மருந்தடித்தால் செடியோடு பூச்சியும் வீடிழந்து போகும். விதை மட்டும் சேற்றில் பத்திரமாக இருக்கும். அடுத்த செப்டம்பர் செடிக்கே சொந்தம். அள்ளித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு பகுதியில் அள்ளிவிட்டு, பூச்சி நிறைந்த இன்னொரு பகுதியைத் தொடாமல் வைப்பதே சரியான வழி.

இரண்டு ஆண்டு வெற்றியோடு கதை முடியவில்லை. காலியான தண்ணீரில் சால்வீனியா மினிமா என்ற சிறு மிதவைச்செடி பரவியது. அதுவும் தென்னமெரிக்கா பக்கத்திலிருந்து வந்ததே. அதற்கு வேறு உறை வேண்டும். சிர்ட்டோபேகஸ் சால்வீனியே என்ற கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த வண்டு நமக்கு அந்நியமல்ல. அந்தச் செடியின் நெருங்கிய உறவான சால்வீனியா மொலெஸ்டாவைக் கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்பார்கள். 1980களில் இதே வண்டை விட்ட பிறகுதான் குட்டநாட்டின் வாய்க்கால்களில் அது அடங்கியது. இலங்கையிலும் அதே செடிக்கு அதே வண்டுதான் மருந்தானது. ஹார்ட்பீஸ்பூர்ட்டில் பின்வந்த கோடைகளில் வெங்காயத்தாமரையும் திரும்பத் தலையெடுத்திருக்கிறது. பூச்சி வளர்ப்பும் தொடர்கிறது.

ஏன் ஓய்வதில்லை? யாரோ ஒருவர் பாத்திரத்தில் நிற்காமல் பால் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அந்த ‘யாரோ’ மேலே இருக்கும் நகரங்களின் கழிவுநீர்க் குழாய்கள். கரையிலுள்ள ஒரு குடும்பத்தால் தொட்டி வைத்துப் பூச்சி வளர்க்க முடியும். ஜோகன்னஸ்பர்க்கின் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்க்க முடியாது. அது அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை. ஊர் கூடிப் பூச்சி விடுகிறதே என்று அவர்கள் தங்கள் கடமையிலிருந்து நழுவுவதை நான் ஏற்கமாட்டேன். அதேசமயம், குழாய் சரியாகும்வரை எதுவும் செய்ய வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாக்கடை நின்றபின்னும் அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் பல ஆண்டுகள் கசிந்துகொண்டுதான் இருக்கும். அத்தனை காலமும் ஏரியில் மீனுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டாமா?

நம் ஏரிகளில் ஞாயிறுதோறும் கூடி வெங்காயத்தாமரை இழுக்கும் குழுக்கள் பல உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சிறிதாகப் பேசமாட்டார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நம் நாட்டில் உறை ஏற்கெனவே வந்துவிட்டது. நியோகெட்டினா கூன்வண்டுகளை 1980களில் பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள். அங்கே நல்ல பலன் கிடைத்தது. இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் அவை நிலைத்துவிட்டன. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் அவற்றை வளர்த்து ஆய்ந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி கிடையாது, அதனால் வண்டுக்கு நம் சூடு தோதானது. ஆனால் நம்முடைய மார்கழி வேறு மாதத்தில் வருகிறது. வைகாசியில் ஏரி வற்றும்போது செடியோடு வண்டும் காய்ந்துபோகிறது. ஐப்பசி மழையில் சேற்று விதை முளைக்கும்போது வண்டு இல்லை. கோடையில் ஒரு தொட்டியில் அந்த ஏரியின் செடியையும் வண்டையும் காப்பாற்றி வைத்தால், மழைக்குப் பிறகு முளைக்கும் இளஞ்செடிகளின்மேல் உடனே இறக்கலாம். ஓர் ஏரியின் செடியை அது இல்லாத இன்னொரு ஏரிக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே அடுத்த முறை இழுக்க இறங்குமுன் இலையைத் திருப்பிப் பார்க்கலாம். மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு, சில மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்புத் திட்டுகள் நிறைய இருந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். பகலில் அது குருத்துக்குள் ஒளிந்திருக்கும், இலையை விரித்தால் அகப்படும். அப்படிப்பட்ட திட்டுகள் மிகுந்த ஒரு மூலையைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களில் இழுக்கலாம். ஏரியைச் சுத்தம் செய்ய ஒப்பந்தம் விடும்போது அந்த மூலையைத் தொடக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்க்கும்படி நீர்வளத்துறையையோ உள்ளாட்சியையோ கேட்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது பொக்லைன் ஓட்டுபவரிடம் போய்ச் சேராது.